பேசும் பொத்தானும் ஊமைப் பொத்தானும்

உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் "முடியாது" என்று சொல்லிவிடுவான் ஸ்தனிஸ்லாஸ். பஸ் கண்டக்டரிடம் சொல்வான், பங்குச் சாமியாரிடம்கூடச் சொல்லியிருக்கிறான். மாமனார் அற்புதசாமியிடம் மட்டும் அந்த வார்த்தை தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும். அற்புதசாமி தங்கமான மனிதர், அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அவருக்குப் பாலக்கரையில் சவப்பெட்டிக் கடை இருந்தது. பேட்ரிசியா அவருக்கு ஒரே மகள். அவருக்குப் பிறகு கடை யாருக்கு என்பதை யாரும் வாய்விட்டுக் கேட்க வேண்டியதே இல்லை.

"நம்ம தொழில்ல டல் சீசனே கிடையாது மாப்ள. மழையோ வெயிலோ, எதுவும் நம்மளப் பாதிக்காது. வந்து உக்காந்தா போதும். எப்ப வர்றீங்க?" ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து கோயில் வாசலுக்கு வந்ததும் இதைக் கேட்டுவிடுவார்.

"பாக்கலாம் மாமா" என்பான் ஸ்தனிஸ்லாஸ். கல்யாணமாகி இரண்டு வருஷமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

அற்புதசாமிக்கு இன்னொரு பழக்கம் உண்டு. யாரிடம் பேசினாலும் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்துவிடுவார். தொழில் செய்த தோஷம்தான், கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. கல்யாணத்தன்று ஸ்தனிஸ்லாஸின் சித்தப்பாவை அப்படிப் பார்த்துவிட்டு, "ஆறடி பத்தாது இவருக்கு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். சித்தப்பா அன்றைக்குப் பந்தியில் உட்காராமலே ஊருக்கு பஸ் ஏறிவிட்டார். ஸ்தனிஸ்லாஸுக்கோ, செத்த வீட்டு வாசலில் நின்றாலே கை கால் வெலவெலத்துப்போகும். அவன் போய் அந்தக் கடையில் உட்காருவதாவது!

தப்பிக்கிற வழியாகத்தான் அவன் வீடியோ கேம் கடை போட்டான். எண்பத்தாறாம் வருஷம் அது. திருச்சியில் அந்தப் பைத்தியம் அப்போதுதான் பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்தனிஸ்லாஸுக்கு ரேடியோ ரிப்பேர் கைவந்த வேலை. மெட்ராஸிலிருந்து சர்க்யூட் போர்டு வாங்கிவந்து, பழைய டிவிப் பெட்டிகளோடு சேர்த்து, இரண்டு மெஷின் தயார் செய்தான். ஸ்ரீரங்கத்தில், ராஜகோபுரத்திலிருந்து அம்மா மண்டபம் போகிற சாலையில், ஒரு மாடிவீட்டின் கீழ்ப்பகுதி வாடகைக்குக் கிடைத்தது. மெஷினுக்கு மரக்கூடு மாமனார் கடை ஆசாரிகளே செய்து கொடுத்தார்கள். நல்ல வேலைப்பாடு, பாலிஷ் பளபளவென்று இருந்தது. கை பழகிய தோஷத்தில் இரண்டு பக்கமும் பித்தளைக் கைப்பிடி வைத்துவிட்டார்கள். அதைப் பார்த்த ஒன்றிரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் நடத்திப் பாருங்க மாப்ள. சரிவரலேன்னா புது வருசத்துலேர்ந்து நம்ம கடை. என்ன?" என்றார் அற்புதசாமி.

ஸ்தனிஸ்லாஸ் வாயைத் திறந்தான். "சரிங்க மாமா" என்றுதான் வந்தது.

ஆனால் கடை ஓடியது. ஓடியதாவது, பிய்த்துக்கொண்டு போயிற்று! உள்ளூர்ப் பையன்கள், காலேஜ் மாணவர்கள், சிந்தாமணி வியாபாரிகள் என்று கூட்டம் நெரிந்தது. எல்லாரையும்விடப் பெரிய கிராக்கி பொன்மலையிலிருந்து வந்த பிச்சமுத்து. ரயில்வே ஒர்க் ஷாப்பில் சம்மட்டி பிடிக்கிறவன். ஷிப்ட் முடிந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு நேராக இங்கே வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, விண்கப்பலை ஓட்டி எதிரிகளைச் சுட்டுத்தள்ளுவான். அவன் பொத்தானை அடிக்கிற வேகத்தைப் பார்க்கவே ஒரு கூட்டம் பின்னால் நிற்கும்.

அந்தப் பொத்தான்தான் வினையாக முடிந்தது. பொத்தானுக்கு அடியில் மைக்ரோ சுவிட்ச் என்று கறுப்பாக ஒரு குட்டிப் பெட்டி இருக்கும். அமுக்கினால் 'டிக்' என்னும், விட்டால் 'டக்' என்னும். ஜாய்ஸ்டிக்குக்கு அடியில் திசைக்கு ஒன்றாக நாலு இருக்கும். எல்லாம் சேர்ந்து அடிக்கும்போது ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் தந்தி அடிக்கிற அதே சத்தம். மாடியில் குடியிருந்த வீட்டுக்காரர் திருநாராயணன், திருச்சி ஜங்ஷனில் தந்தி வாங்கி, தந்தி அனுப்பியே சர்வீஸ் முழுதும் கழித்து ரிடையர் ஆனவர்.

அக்டோபரில் ஒருநாள் மத்தியானம் பளிச்சென்று திருமண்ணோடு அவர் கீழே இறங்கி வந்தார்.

"மிஸ்டர் ஸ்தனிஸ்லாஸ், இங்கே ஒருத்தன் ஓயாம உளறிண்டிருக்கான். நிறுத்தச் சொல்லுங்கோ."

ஸ்தனிஸ்லாஸ் சுற்றிப் பார்த்தான். கடையில் பிச்சமுத்து மட்டும்தான் இருந்தான். அவனும் வாயே திறக்கவில்லை. "யாரும் பேசலியே சார்."

"பேசலை ஐயா, அடிக்கறான்! காலம்பற கடை தொறந்ததுலேர்ந்து தப்பு, தப்பு, தப்புன்னு அடிச்சிண்டே இருக்கான். உருப்படியா ஒரு வார்த்தையாவது வரணுமோ இல்லியோ? நான் சாப்பிடறதா, தூங்கறதா? வருஷக் கடைசில அக்ரிமெண்ட் முடியறது. இது இப்படியே நடந்துண்டிருந்தா மறுபடி போட மாட்டேன். சொல்லிட்டேன்."

ஸ்தனிஸ்லாஸுக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். சத்தம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கடை காலி. கடை காலியானால் பாலக்கரை. அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு சிங்காரத்தோப்புக்கு, அப்துல் சலாம் பாயின் ரேடியோ சாமான் கடைக்குப் பறந்தான்.

பாய் விஷயத்தைக் கேட்டுவிட்டு, டப்பாவைத் துழாவி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். நீளமாக இரண்டு மெல்லிய தகடு. நுனியில் ஆளுக்கொரு வெள்ளிப் பொட்டு.

"இதுக்குப் பேரு இலை சுவிட்ச்சு தம்பி. பொத்தான் அமுங்குனா ஒரு தகடு வளைஞ்சு இன்னொண்ணைத் தொடும். விட்டா விலகிக்கும். அவ்வளவுதான். மூச்சு விடுற சத்தம்கூட வராது."

"அது நல்லதா, இது நல்லதா பாய்?"

"அது அடிதாங்கும், சளசளன்னு பேசும். இது பேசாது, லேசாத் தொட்டாலே வேலை செய்யும். ஆனா தொடுற கையைப் பொறுத்துத்தான் உழைக்கும். பூக்கட்டுற கையா இருந்தா பத்து வருசம் வரும். ஒங்ககிட்ட வர்றது யாரு?"

"பொன்மலை ஒர்க் ஷாப் ஆளுங்க."

பாய் தாடியைத் தடவினார். "அப்ப, இன்ஷா அல்லா, ஒரு வாரம்."

இலை சுவிட்சுகளைப் பூட்டிவிட்டு ஸ்தனிஸ்லாஸ் தானே ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தான். சொக்கிப்போனான். விரல் நினைத்ததுமே குண்டு பாய்ந்தது. இதல்லவா பொத்தான், இத்தனை நாள் கல் உடைத்துக்கொண்டிருந்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டான். பிச்சமுத்துவின் முகம் மலரப்போகிறது என்று வாசலைப் பார்த்துக் காத்திருந்தான்.

பிச்சமுத்து வந்தான். ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தான். பொத்தானை அமுக்கினான். ஸ்தனிஸ்லாஸைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே, பொத்தான் செத்துப்போச்சு."

"சாகல பிச்சமுத்து. குண்டு போகுது பாரு."

"குண்டு போகுதுண்ணே. ஆனா நான்தான் விட்டேன்னு எப்படி நம்புறது?"

அங்கே நின்றவர்களும் அதையே கேட்டார்கள். 'டக்' கேட்டால்தான் சுட்டதாக அவர்களுக்கு மனசு ஒப்புக்கொள்ளும். கேட்காததால், ஒருவேளை சரியாக அமுங்கவில்லையோ என்று இன்னும் ஓங்கி அடித்தார்கள். தோற்றவனெல்லாம் பொத்தான்மேல் பழிபோட்டான். ஜாய்ஸ்டிக்கில் இடப்பக்கத் தகடு வளைந்து ஒட்டிக்கொண்டதில், விண்கப்பல் யார் பேச்சையும் கேட்காமல் இடப்பக்கமே போய்ச் சுவரோடு நின்றுவிட்டது. பாய் சொன்ன ஒரு வாரம்கூட வரவில்லை. போதாததற்கு மாடியிலிருந்து திருநாராயணன் இறங்கி வந்தார்.

"உளறல் நின்னுடுத்து, சந்தோஷம். இப்போ என்ன, கீழே தேர் கட்டறேளா? இந்த இடி இடிக்கறதே!"

அடுத்தபடியாக ஸ்தனிஸ்லாஸ் வீட்டு வாசலில் மாட்டுகிற காலிங் பெல் சுவிட்சை வைத்துப் பார்த்தான். சத்தம் குறைவு, இரும்பு மாதிரி உழைக்கும். ஆனால் அது தினம் நாலு விருந்தாளி அமுக்குவதற்குச் செய்தது. உள்ளே ஸ்பிரிங் அவ்வளவு முரடு. ஒரு ஆட்டம் முடிவதற்குள் காலேஜ் பையன்களுக்குக் கட்டைவிரல் வீங்கிவிட்டது. பரீட்சை எழுத முடியவில்லை என்று ஒருவனின் அப்பாவே வந்து சண்டை போட்டார். பழையபடி மைக்ரோ சுவிட்சையே பூட்டினான். மாடியிலிருந்து "தப்பு தப்பு" புகார் பழையபடி வந்தது. ஸ்தனிஸ்லாஸுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று பொத்தானையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாப்பிடும்போதும் பூசையிலும் மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டிருந்தான். பிரசங்கத்தின் நடுவில் 'டிக் டக்' என்று கேட்டுச் சாமியார் ஒருதரம் நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

விஷயம் அற்புதசாமி காதுக்குப் போயிற்று. அவர் அன்றே ஸ்ரீரங்கம் வந்து, மெஷினைச் சுற்றிவந்து, தட்டிப் பார்த்தார். மருமகன் கஷ்டப்படுவதைப் பார்க்க அவருக்கு உண்மையாகவே பொறுக்கவில்லை.

"இதுக்கா மாப்ள இவ்வளவு விசாரம்? நம்ம பெட்டிக்குள்ள வைக்கிற பஞ்சு மெத்தை இருக்கே, அதை உள்பக்கம் வச்சுத் தச்சிட்டா முடிஞ்சுது. உள்ள என்ன சத்தம் வந்தாலும் வெளிய கேக்காது."

"நம்ம பெட்டிக்குள்ள என்ன மாமா சத்தம் வரும்?"

அற்புதசாமி யோசித்தார். "வராதுதான். ஒரு பேச்சுக்குச் சொல்றேன்."

ஆட்கள் வந்து மெஷினுக்குள் பஞ்சு வைத்து, அதன்மேல் வெள்ளை சாட்டின் துணி போர்த்தி, ஓரத்தில் சுருக்கு வைத்துத் தைத்தார்கள். ரிப்பேருக்காகப் பின்கதவைத் திறந்தால், யாரோ உள்ளே படுத்திருப்பார்கள் என்று ஸ்தனிஸ்லாஸுக்கே ஒரு கணம் நெஞ்சு நின்றுபோகும். ஆனாலும் சத்தம் அடங்கிவிட்டது. விரலுக்கு 'டக்' தெரிந்தது, காதுக்கு எங்கோ கிணற்றுக்குள் கேட்டது. பிச்சமுத்துகூட, "பரவாயில்லண்ணே" என்றான். ஸ்தனிஸ்லாஸ் மாடிக்கு ஓடிப்போய், "இப்ப எப்படி சார்?" என்றான்.

திருநாராயணன் கண்ணெல்லாம் சிவந்து, சாய்வுநாற்காலியின் நுனியில், தரையைப் பார்த்துக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சத்தம் குறைஞ்சிருக்கு. இப்போ தூரத்து ஸ்டேஷன்லேர்ந்து வரமாதிரி இருக்கு. முன்னைவிட உன்னிப்பாக் கேக்க வேண்டியிருக்கு!"

ஸ்தனிஸ்லாஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அழுகை வந்தது. சத்தமாக இருந்தாலும் தப்பு, மெதுவாக இருந்தாலும் தப்பு. இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

கார்த்திகை பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைசி முயற்சியாக, மூன்று சுவிட்சையும் ஒரே பலகையில் வரிசையாகப் பொருத்தி மெஷினோடு இணைத்தான். "நீங்களே வந்து அமுக்கிப் பாருங்க சார். எதைச் சொல்றீங்களோ அதைத்தான் வைப்பேன்" என்று திருநாராயணனைக் கைப்பிடியாகக் கூட்டிவந்தான். பூசை முடிந்து நேராக வந்திருந்த பேட்ரிசியா, டிபன் கேரியரோடு பக்கத்தில் நின்றாள். பேட்ரிசியா கான்வென்ட் ஸ்கூலில் டீச்சர். சனிக்கிழமைகளில் கைட்ஸ் என்கிற சாரணப் பெண்களுக்குக் கூடாரம் அடிக்கவும், முடிச்சுப் போடவும் சொல்லிக்கொடுப்பவள்.

திருநாராயணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். முதலில் இலை சுவிட்ச். "இது ஊமை" என்று தள்ளிவிட்டார். அடுத்தது காலிங் பெல். "இது கழுதை. உதைச்சாத்தான் நகரும்." மூன்றாவதாக மைக்ரோ சுவிட்சை அமுக்கினார். டிக், டக். கையை எடுக்கவில்லை. இன்னொரு தரம் அமுக்கினார். மணிக்கட்டு தானாகத் தளர்ந்தது, விரல் பொத்தான்மேல் லேசாகப் படுத்துக்கொண்டது. பிறகு திடீரென்று படபடவென்று அடித்தார். திரையில் எதிரிகள் வந்து அவர் கப்பலைச் சுக்குநூறாக்கினார்கள். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. அடித்துவிட்டு, தலையைச் சாய்த்துப் பதிலுக்குக் காத்திருந்தார்.

"சார், 'நீ யார்'னு கேக்குறீங்களா?" என்றாள் பேட்ரிசியா.

திருநாராயணன் திடுக்கிட்டுத் திரும்பினார். "நோக்கு எப்படிம்மா தெரியும்?"

"கைட்ஸ்ல மோர்ஸ் தந்தி சொல்லிக்குடுக்குறோம் சார். கொடி ஆட்டி, விசில் ஊதி அனுப்புவோம்."

"விசிலா!" என்று முகத்தைச் சுளித்தார். உடனே நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார். "வா. இதுல அடி."

பேட்ரிசியா குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை அடித்தாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். கடைசி எழுத்து முடிந்ததும் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"ரொம்ப ஸ்லோ. ஆனா சுத்தமா இருக்கு. ரிடையர் ஆனதுக்கப்புறம் எனக்கு வந்த முதல் செய்தி இதாம்மா."

"அப்ப இந்தச் சத்தம் உங்களுக்குத் தொந்தரவு இல்லையா சார்?" என்றான் ஸ்தனிஸ்லாஸ்.

"சத்தம் என்ன பண்ணும்? நான் ஜங்ஷன்ல சத்தத்துக்கு நடுவுல இருந்தவன்தானே. எட்டு தரம் விடாம அடிச்சா என்ன அர்த்தம் தெரியுமோ? 'நான் அனுப்பினது தப்பு, அழிச்சுடு, இதோ சரியானது வரது'ன்னு அர்த்தம். உங்க பொன்மலைக்காரன் படபடன்னு அடிக்கறான். தப்புங்கறான். சரி, சரியானது வரப்போறதுன்னு நான் காத்துண்டிருக்கேன். மறுபடியும் தப்புங்கறான். சாதத்துல கையை வெச்சா காது கீழே இருக்கு. பெருமாளைச் சேவிக்கப் போனாலும், நாம இல்லாத நேரத்துல சரியான செய்தி வந்துட்டுப் போயிருக்குமோன்னு மனசு கிடந்து அடிச்சுக்கறது. புரியலேன்னா திருப்பி அனுப்புன்னு கேக்கணும். நான் யாரைக் கேக்கறது? எதால கேக்கறது?"

ஸ்தனிஸ்லாஸ் நெற்றியில் அடித்துக்கொண்டான். முதல் நாளே அந்த மனுஷர் "உருப்படியா ஒரு வார்த்தை வரணுமோ இல்லியோ" என்று தமிழில்தான் சொன்னார். காதில் வாங்கினால்தானே! தகடு, ஸ்பிரிங், பஞ்சு, சாட்டின் என்று ஊரெல்லாம் அலைந்தது அவ்வளவும் வீண்.

"என்னங்க, அவருக்கு வேண்டியது ஊமைப் பொத்தான் இல்ல. பதில் சொல்ல மேல ஒரு பொத்தான்" என்றாள் பேட்ரிசியா.

அப்துல் சலாம் பாய் விஷயத்தைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, கம்பியில் கரண்ட் வந்தால் தட்டுகிற ரிலே ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மாடியில் திருநாராயணன் நாற்காலிக் கையில் ஒரு மைக்ரோ சுவிட்ச். அதை அவர் அமுக்கினால் கீழே அந்த ரிலே 'டக்' என்று அடிக்கும். அடிக்கிற நேரத்தில் மெஷினின் பொத்தான் எதுவும் வேலை செய்யாது. மெஷினுக்குள் இருந்த பஞ்சையும் சாட்டினையும் பிடுங்கி எறிந்தார்கள்.

மறுநாள் பிச்சமுத்து வழக்கம்போல வந்து எதிரிகளைப் பொளந்துகட்டிக்கொண்டிருந்தான். சரியான நேரத்தில் ரிலே அடித்தது. பொத்தான் ஓய்ந்தது. கப்பல் வெடித்தது.

"ஐயையோ! என்னண்ணே இது?"

பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த பேட்ரிசியா காதைத் தீட்டினாள். "'திருப்பிச் சொல்'லுங்கிறாரு."

"எதை டீச்சர்?"

"நீங்க அடிச்சதை."

"நான் சுட்டேன்! அதை எப்படித் திருப்பிச் சொல்றது?"

பேட்ரிசியா மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கி ஒரு உடன்படிக்கை செய்தாள். ஆட வருகிறவன் முதலில் தன் பெயரை அடித்து, ஆடலாமா என்று கேட்க வேண்டும். மாடியிலிருந்து 'ஆடு' என்று பதில் வரும். அதற்குப் பிறகு அடிப்பதெல்லாம் செய்தி இல்லை, வெறும் விளையாட்டு என்று திருநாராயணன் காதை மூடிக்கொள்வார். ஆடி முடித்ததும் 'முடிந்தது' என்று அடித்துவிட்டுப் போக வேண்டும். இதில் எதை மறந்தாலும் கப்பலுக்கு அவர் பொறுப்பில்லை. எழுத்துகளுக்கான அடிகளைப் பெரிய அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினாள்.

முதலில் எல்லாரும் முணுமுணுத்தார்கள். பிச்சமுத்து தன் பெயரின் நீளத்துக்காக அப்பா அம்மாவையே திட்டினான். பிறகு எப்படியோ அதுவே ஒரு பெருமையாகிவிட்டது. தன் பெயரைத் தடவாமல் அடிக்கத் தெரியாதவனை மற்றவர்கள் ஆளாகவே மதிக்கவில்லை. பிச்சமுத்து ஒரு படி மேலே போய், மாடியிலிருந்து வருகிற பதிலையும் காதாலேயே படிக்கக் கற்றுக்கொண்டான். உறையூர், தென்னூர் என்று தூரத்துக் கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தவர்களெல்லாம், பதில் பேசுகிற மெஷின் இருக்கிறதாமே என்று தேடி வந்தார்கள். இலை சுவிட்சைப் பற்றி ஒரு ஆள் வாயைத் திறக்கவில்லை. பேசாத பொத்தானை வைத்துக்கொண்டு என்ன செய்வது? திருநாராயணன் ஒருநாள் தானே அக்ரிமெண்ட்டைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிப் போனார். "அந்த ஊமைப் பொத்தானை மட்டும் என் கட்டடத்துக்குள்ளே கொண்டுவரப்படாது" என்று கண்டிஷன் போட்டார்.

எல்லாம் சுபம் என்றுதான் ஸ்தனிஸ்லாஸ் நினைத்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் அற்புதசாமி புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். கூட்டத்தைப் பார்த்தார். முகமெல்லாம் பூரித்துப்போயிற்று.

"பிரமாதம் மாப்ள! இப்பத்தான் சரியான நேரம். நல்லா நடக்கும்போதே யாருக்காவது கைமாத்தி விட்டுடணும். கடையில உங்களுக்குன்னு தேக்குல ஒரு நாற்காலி செஞ்சு வச்சுட்டேன். புது வருசத்தன்னிக்கு வந்து உக்காந்துடுங்க."

கடை ஓடினால் தப்பித்துவிடலாம் என்றல்லவா ஸ்தனிஸ்லாஸ் இத்தனை பாடுபட்டான்! ஓடினாலும் பாலக்கரை, ஓடாவிட்டாலும் பாலக்கரை. "மாமா" என்று ஆரம்பித்தான். அடுத்த வார்த்தை தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. பேட்ரிசியா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் ரிலே அடித்தது.

"'கீழே வந்திருக்கிறது யார்'ங்கிறாரு" என்றான் பிச்சமுத்து. "வர்றதை பால்கனிலேர்ந்து பாத்திருப்பாரு."

அற்புதசாமிக்கு ஒரே குஷி. "என்னையவா கேக்குறாரு? சொல்லுங்க தம்பி, சொல்லுங்க. பாலக்கரை அற்புதசாமி, சவப்பெட்டிக் கடைன்னு விவரமாச் சொல்லுங்க."

பிச்சமுத்து பொறுமையாக ஒவ்வொரு எழுத்தாக அடித்தான். கடையில் எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ரிலே மெதுவாக, தெளிவாக அடித்தது.

"என்னங்கிறாரு?" என்றார் அற்புதசாமி.

பிச்சமுத்து எழுத்துக் கூட்டிச் சொன்னான். "'ரொம்ப சந்தோஷம். ஆனால் எனக்கு வேண்டாம்'ங்கிறாரு."

கடையே வெடித்துச் சிரித்தது. அற்புதசாமியும் தொப்பை குலுங்கச் சிரித்தார். ஸ்தனிஸ்லாஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவுதானா? ஒரு மனிதரிடம் இதை இவ்வளவு மரியாதையாகச் சொல்லிவிட முடியுமா? அவர் கோபிக்கவில்லை, சிரிக்கத்தான் செய்கிறார். சிரிப்பு அடங்குவதற்குள் சொன்னால்தான் உண்டு என்று அவனுக்குப் பட்டது.

"எனக்கும் வேண்டாம் மாமா" என்றான்.

அற்புதசாமியின் சிரிப்பு நின்றது. "எது மாப்ள?"

"நம்ம கடை மாமா. எனக்குப் பயம். செத்தவங்களைப் பாத்தாலே கை கால் ஆடுது. நான் வரல. எப்பவுமே வரல."

சொல்லிவிட்டு, இடி விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான். அற்புதசாமி அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். இந்தத் தரம் அவர் அளவெடுக்கவில்லை. பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏன் மாப்ள, இதைச் சொல்லவா ரெண்டு வருசம்? பாக்கலாம் பாக்கலாம்னே சொல்லிக்கிட்டிருந்தீங்களே. வரேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. பதில்னு ஒண்ணு வந்திருந்தா நான் எதுக்குய்யா ஞாயிறு தவறாமக் கேட்டுக்கிட்டே இருக்கப் போறேன்?"